கேஸ் போடலைன்னா, ஏன்னு யார் சொல்லணும்?

வாசகர் கேள்விகளுக்கு நம்ம வக்கீல் மேடம் பதில் சொல்றாங்க

கேள்வி: மேடம், நாங்க கூடங்குளத்துக்குப் பக்கத்துல இருக்கோம், அதனால அணு உலை பத்தின செய்தி எதுவா இருந்தாலும் விடாம படிப்பேன். ஜப்பான்ல 2011 சுனாமில அணு உலை விபத்து நடந்த ஃபுகுஷிமா கேஸ்ல, கம்பெனி பெரிய ஆளுங்க மேல போட்ட வழக்கு கடைசியா சுப்ரீம் கோர்ட்லயும் நிக்கலன்னு போட்டிருந்தாங்க. ஒண்ணுதான் புரியல. அரசு வக்கீலுங்களே ரெண்டு தடவை 'கேஸ் போட முடியாது'ன்னு சொல்லிட்டாங்களாம். அப்ப கேஸ் போட்டது யாரு?
– ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: கேஸ் போட வச்சது சாதாரண ஜனங்க 11 பேரு. ஓட்டர் லிஸ்ட்ல இருந்து குலுக்கல் போட்டு எடுத்தவங்க, கடை வச்சிருக்கிறவரா இருக்கலாம், ரிட்டயர் ஆன வாத்தியாரா இருக்கலாம், சட்டம் படிச்சிருக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல.

கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இது நம்ம பக்கம் அதிகம் பேசப்படாத விஷயம். ஜப்பான்ல ஒருத்தர் மேல குற்ற வழக்கு போடுறதா வேணாமான்னு முடிவு பண்ற அதிகாரம் முழுக்க ப்ராசிக்யூட்டர், அதாவது அரசு வக்கீல் கையில இருக்கு. நம்ம ஊர் மாதிரி பாதிக்கப்பட்டவரே மாஜிஸ்ட்ரேட் கிட்ட போய் தனிப்புகார் கொடுத்து கேஸ் நடத்துற வழி அங்க கிடையாது. அதுவும் போக ஆதாரம் நல்லா இருந்தாக்கூட அந்த ஆளோட வயசு, குணம், சூழ்நிலை, குற்றம் எவ்வளவு பெருசு, அதுக்கப்புறம் எப்படி நடந்துக்கிட்டாரு, இதெல்லாம் பார்த்து 'வழக்கு வேணாம்'னு விடலாம்னு அவங்க குற்ற நடைமுறைச் சட்டம் 248வது பிரிவு சொல்லுது. இதுல நல்லதும் இருக்கு, பசிக்கு ஒரு பாக்கெட் சாப்பாடு எடுத்துட்டுப் போன வயசான அம்மாவ கோர்ட் வாசலுக்கே கொண்டு போகாம வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா கோர்ட்டுக்குப் போற கேஸ்ல 99 சதவீதத்துக்கு மேல தண்டனைல முடியுற நாடு அது, அப்ப பாதித் தீர்ப்பு ப்ராசிக்யூட்டர் ரூம்லயே கதவ சாத்திக்கிட்டு எழுதியாச்சுன்னுதானே அர்த்தம். காரணம் கேட்டா புகார் கொடுத்தவருக்குச் சொல்லணும்னு 261வது பிரிவு இருக்கு, கிடைக்கிறது பெரும்பாலும் 'சந்தேகத்துக்குப் போதுமான ஆதாரம் இல்லை'ங்கிற மாதிரி ஒரே வரி. பொதுஜனத்துக்கு அதுவும் இல்ல. அங்க பேப்பர்ல குற்றச் செய்திக்குக் கடைசில ஒரு வாக்கியம் அடிக்கடி வரும், 'வழக்கு தொடராததற்கான காரணத்தை ப்ராசிக்யூட்டர் அலுவலகம் தெரிவிக்கவில்லை'ன்னு.

இதுக்கு ஒரு கடிவாளமாத்தான் 1948ல, அமெரிக்க ராணுவ ஆட்சி நடந்த காலத்துல, கென்சாட்சு ஷின்சாகாய்னு இந்த 11 பேர் குழுவுக்கு சட்டம் போட்டாங்க. இப்ப நாடு முழுக்க 165 குழு இருக்கு. ஆறு மாசம்தான் ஒருத்தர் இருக்க முடியும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாதிப் பேர் மாறுவாங்க. புகார்தாரரோ பாதிக்கப்பட்டவரோ ஒரு பைசா கட்டாம மனு கொடுக்கலாம், ப்ராசிக்யூட்டர் ஃபைலை வரவழைச்சு இவங்க படிப்பாங்க. 11ல 8 பேர் சேர்ந்து 'இதுல வழக்கு போட்டிருக்கணும்'னு சொன்னா ஃபைல் திரும்பப் போகும். ஆனா ரொம்ப வருஷம் அது வெறும் யோசனை மட்டும்தான், ப்ராசிக்யூட்டர் கேக்கணும்னு கட்டாயம் இல்ல.

அந்த நிலைமையோட வலி என்னன்னு தெரியணும்னா அகாஷி கேஸைப் பாக்கணும். 2001 ஜூலை 21, அகாஷி ஊர்ல கடற்கரையில வாணவேடிக்கை. அசாகிரி ரயில் ஸ்டேஷன்ல இருந்து கடற்கரைக்குப் போக ஒரு நடைபாலம், பாலம் அகலம், ஆனா இறங்குற படிக்கட்டு அதுல பாதி அகலம்தான். வேடிக்கை பாக்க வர்ற கூட்டமும் பாத்துட்டுத் திரும்புற கூட்டமும் அந்தப் படிக்கிட்ட முட்டிக்கிச்சு. 11 பேர் செத்தாங்க, அதுல 9 பேர் குழந்தைங்க. களத்துல இருந்த போலீஸ் அதிகாரி, நகராட்சி ஆளுங்க, செக்யூரிட்டி கம்பெனி ஆள்னு சிலருக்குத் தண்டனை கிடைச்சுது. ஆனா போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்து மேற்பார்வை பாத்த அந்த ஸ்டேஷன் துணைத் தலைவர் மேல கோபே ப்ராசிக்யூட்டர் ஆபீஸ் கேஸ் போடல. பெத்தவங்க குழுகிட்ட போனாங்க, குழு 'போடணும்'னுச்சு, ஆபீஸ் 'மாட்டோம்'னுச்சு, திரும்பவும் போனாங்க, திரும்பவும் அதேதான். மொத்தம் நாலு தடவை மறுத்தாங்க.

2009 மே மாசம் சட்டம் மாறுச்சு. குழு ரெண்டாவது தடவையும் 8 பேர் பெரும்பான்மைல சொல்லிட்டா அது கட்டாயம், கோர்ட்டே வக்கீல்களை நியமிச்சு அவங்க ப்ராசிக்யூட்டரா நின்னு வழக்கு நடத்துவாங்க. அப்படி நாட்டுலயே முதல் வழக்கு 2010 ஏப்ரல்ல அகாஷி துணைத் தலைவர் மேலதான். ஆனா சம்பவம் நடந்து அவ்வளவு வருஷம் ஆனதால காலக்கெடு தாண்டிடுச்சுன்னு கோர்ட் வழக்க முடிச்சிடுச்சு, 2016ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. புள்ளைங்கள பறிகொடுத்தவங்க கேட்ட தீர்ப்பு கடைசி வரைக்கும் வரல. யாரும் கேள்வி கேக்க முடியாத 'முடியாது' ஒண்ணு எத்தனை வருஷத்தைத் தின்னுடும்ங்கிறதுக்கு இதைவிட நான் உதாரணம் தேட வேண்டியதில்ல.

ஃபுகுஷிமாவுக்கு வர்றேன். 2012ல ஊர்மக்கள் ஆயிரத்துக்கு மேல சேர்ந்து ஃபுகுஷிமாலயே புகார் கொடுத்தாங்க. 2013 செப்டம்பர்ல ஃபைலை டோக்கியோவுக்கு மாத்தி, மாத்தின அன்னிக்கே 'வழக்கு இல்லை'ன்னு முடிச்சாங்க. டோக்கியோல முடிச்சா மறுபரிசீலனையும் டோக்கியோ குழுகிட்டதான் போகும், பாதிக்கப்பட்ட ஊர் ஜனங்க அந்தக் குலுக்கல்ல வரவே முடியாது. எனக்கு இதைப் படிச்சப்ப மனசு ஆறவே இல்ல. ஆனா டோக்கியோ ஜனங்களும் 2014 ஜூலைல 'போடணும்'னாங்க, 2015 ஜனவரில ப்ராசிக்யூட்டர் மறுத்தாரு, அதே வருஷம் ஜூலைல ரெண்டாவது தடவையும் 'போடணும்'. 2016 பிப்ரவரி 29ல உலையை நடத்தின டெப்கோ கம்பெனியோட முன்னாள் சேர்மன் கட்சுமாட்டா, துணைத் தலைவர்களா இருந்த டாகேகுரோ, முட்டோ மூணு பேர் மேலயும் வழக்கு பதிவாச்சு.

கேள்வி: சரி மேடம், எல்லாரும் விடுதலைதானே ஆனாங்க? அப்ப ப்ராசிக்யூட்டர் சொன்னதுதான் சரி, ஜனங்க உணர்ச்சிவசப்பட்டு நிரபராதிங்கள இத்தனை வருஷம் இழுத்தடிச்சாங்கன்னு ஆகாதா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நியாயமான கேள்விதான். 2019 செப்டம்பர்ல டோக்கியோ கோர்ட் விடுதலை, 2023 ஜனவரில ஹைகோர்ட்லயும் அதே, 2025 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்ல முடிஞ்சுது, அதுக்குள்ள கட்சுமாட்டா இறந்தே போயிட்டாரு. ரயில் தடம் புரண்டு 107 பேர் செத்த 2005 அமகாசாகி விபத்துலயும் கம்பெனியோட முன்னாள் தலைவர்கள் மூணு பேர் மேல இதே மாதிரி கட்டாய வழக்கு போட்டு, மூணு பேரும் விடுதலை. இப்படிக் கட்டாயமாப் போட்ட வழக்குங்கள்ல தண்டனைல முடிஞ்சது விரல் விட்டு எண்ணிடலாம்.

ஆனா அந்த விசாரணைல என்னென்ன பதிவாச்சுன்னு பாருங்க. 15.7 மீட்டர் உயரத்துக்குச் சுனாமி வரலாம்னு 2008லயே கம்பெனிக்குள்ள ஒரு கணக்கு இருந்துச்சு, உலை நின்ன தரையோ 10 மீட்டர் உயரம். அந்தக் கணக்கு யார் மேஜைக்கு எப்ப போச்சு, யாரு 'இன்னும் ஆராய்ச்சி பண்ணுவோம்'னு தள்ளி வச்சாங்க, எந்த மெயில் எந்தத் தேதில போச்சுன்னு எல்லாம் தெறந்த கோர்ட்ல சாட்சி சொல்லி, குறுக்கு விசாரணை பண்ணி பதிவாச்சு. விபத்தப்ப உலைப் பக்கத்து ஆஸ்பத்திரிய காலி பண்ணி, பஸ்ல மணிக்கணக்கா அலைக்கழிச்சதுல செத்துப்போன நோயாளிங்களோட குடும்பங்க உக்காந்து கேட்டாங்க. ப்ராசிக்யூட்டர் முதல் தடவை ஃபைலை மூடினதோட நின்னிருந்தா அந்தக் காகிதத்துல நிறைய அலமாரிலயே இருந்திருக்கும். விடுதலைன்னாலும் கோர்ட் ஏன் விடுதலைன்னு காரணம் எழுதித்தான் ஆகணும், அதைத் தப்புன்னு நினைச்சா நீங்களும் நானும் படிச்சு வாதாடலாம். ப்ராசிக்யூட்டர் 'வேணாம்'னு மூடின ஃபைல்ல அந்த வசதி இல்லைங்க.

அப்புறம் இன்னொரு கேஸ். டோக்கியோ ஹை ப்ராசிக்யூட்டர் ஆபீஸோட தலைவரா இருந்த குரோகாவா, கொரோனா ஊரடங்கு நேரத்துல பத்திரிகைக்காரங்களோட காசு வச்சு மாஜோங் ஆடினாருன்னு 2020ல வெளிய வந்துச்சு, அவரும் ஒத்துக்கிட்டு ராஜினாமா பண்ணாரு. அவர் துறை ஆளுங்களே விசாரிச்சு, அதே 248வது பிரிவைக் காட்டி விட்டுட்டாங்க. டிசம்பர்ல குழு 'வழக்கு போடணும்'னு சொன்னப்புறம் 2021 மார்ச்ல கேஸ் போட்டு 2 லட்சம் யென் அபராதம். தொகை சின்னதுதான். ஆனா கூட வேலை பாத்தவரைத் தானே விட்டுக்கிறதை வெளிய இருக்கிற 11 பேர் தடுத்தாங்க, அதான் எனக்கு முக்கியம்.

உங்க பயமும் பொய்யில்ல. அரசியல்வாதி ஒசாவா இச்சிரோ கேஸ்ல குழு வழக்கு போட வச்சு 2012ல அவர் விடுதலை ஆனாரு, அதுல குழுவுக்கு அனுப்பின விசாரணை ரிப்போர்ட்ல நடக்காத பேச்ச நடந்ததா ஒரு ப்ராசிக்யூட்டர் எழுதியிருந்தது பின்னாடி தெரிய வந்துச்சு. குழு பாக்குறது ப்ராசிக்யூட்டர் கொடுக்கிற ஃபைலைத்தான், அதுல பொய் இருந்தா முடிவும் கெட்டுப் போகும்.

கேள்வி: அந்த 11 பேர் குழுவே ரகசியமாத்தான் கூடுமாமே? ஒரு மூடின கதவுக்குப் பதிலா இன்னொரு மூடின கதவு தானே இது?
– ஒரு சட்டக்கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ஆமா, கூட்டம் ரகசியம்தான், உள்ள பேசினதை வெளிய சொன்னா தண்டனை உண்டு. யாரு என்ன வாதம் வச்சாங்க, எதை வச்சு மனசு மாறினாங்கன்னு தெரியாது. முடிவோட சுருக்கத்தை மட்டும் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில 7 நாள் ஒட்டி வைப்பாங்க. நேர்ல போய் நின்னு படிச்சு நோட்ல எழுதிக்கிற மாதிரி இருக்கு அது! இன்னிக்கும் இப்படியே வச்சிருக்கிறது எனக்கு சரியாப் படல. குலுக்கல்ல வந்தவங்க பேர் ரகசியமா இருக்கட்டும், அவங்களுக்கு மிரட்டல் வரக்கூடாது. காரணம் எழுதின பக்கம் ஏன் ரகசியமா இருக்கணும்?

இங்கிலாந்துல வேற மாதிரி. அங்க 2011ல கில்லிக் வழக்குல அப்பீல் கோர்ட், பாதிக்கப்பட்டவருக்கு 'ஏன் வழக்கு போடல'ன்னு மறுபரிசீலனை கேக்க உரிமை இருக்குன்னு சொல்லி, 2013ல இருந்து அது ஒரு முறையாவே வந்துடுச்சு. தண்டனை கிடைக்கிற நிஜமான வாய்ப்பு இருக்கா, வழக்கு நடத்துறது பொது நலனுக்கு நல்லதா, இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் பாத்துத்தான் முடிவு எடுக்கணும்னு அரசு வக்கீலுங்களுக்கான அவங்க விதிப் புத்தகத்துல அச்சடிச்சிருக்கு, யாரு வேணா படிக்கலாம். ஆனா மறுபரிசீலனை பண்றது அதே துறையோட இன்னொரு அதிகாரி, வெளியாள் இல்ல. ரெண்டு நாட்டுலயும் பாதி பாதி இருக்கு.

கேள்வி: வழக்கு போடலைன்னா அவர் நிரபராதி தானே மேடம். 'இன்னார் மேல இப்படி ஒரு புகார், இந்தக் காரணத்தால விட்டோம்'னு நெட்ல போட்டா அந்த மனுஷன் வாழ்க்கை என்ன ஆகும்? என் தம்பி மேல பொய்ப் புகார் வந்து நாங்க பட்டது போதும்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்க தம்பி விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. தனி மனுஷன் மேல வந்த புகார் மூடப்பட்டா அந்தக் காரணம் புகார்தாரருக்கும் அவருக்கும் போனா போதும், ஊருக்குத் தேவையில்ல.

ஆனா அரசாங்க ஆள், அதுவும் துப்பாக்கி வச்சிருக்கிற ஆள் வேற. பேரைச் சொல்லாமயே காரணத்தைச் சொல்லலாம்னு கனடாவுல ஒன்டாரியோ காட்டியிருக்கு, நம்ம ஆளுங்க நிறையப் பேர் இருக்கிற டொரோன்டோ அந்த மாகாணத்துலதான். அங்க போலீஸ் கையால உயிர் போனாலோ பலத்த காயம் ஆனாலோ ஸ்பெஷல் இன்வெஸ்டிகேஷன்ஸ் யூனிட்னு தனி அமைப்பு விசாரிச்சு அதோட டைரக்டர் முடிவெடுப்பாரு. ரொம்ப வருஷம் அந்த ரிப்போர்ட் அரசாங்கத்துக்கு மட்டும்தான் போகும். 2015 ஜூலைல ஆண்ட்ரூ லோக்குன்னு தெற்கு சூடான்ல இருந்து வந்தவர், அஞ்சு புள்ளைங்களோட அப்பா, கையில சுத்தியலோட அவர் குடியிருந்த கட்டடத்துலயே நின்னப்ப போலீஸ் சுட்டுச் செத்தாரு. வழக்கு இல்லைன்னு 2016ல சொன்னாங்க. ஜனங்க தெருவுல இறங்கினப்புறம் ரிப்போர்ட்ல சில பக்கங்களை மட்டும் அங்கங்க மறைச்சு வெளியிட்டாங்க. அப்புறம் நீதிபதி டுல்லோக் விசாரிச்சு 2017ல அறிக்கை கொடுத்தாரு, இன்னிக்கு வழக்கு இல்லைன்னு முடிவானா டைரக்டர் ரிப்போர்ட்டையே வெளியிடணும்னு சட்டம் இருக்கு. என்ன நடந்துச்சு, என்ன ஆதாரம் பாத்தாங்க, ஏன் குற்றம் ஆகாதுன்னு பத்தி பத்தியா இருக்கும், போலீஸ்காரர் பேரு இருக்காது. உங்க தம்பி மாதிரி ஆளுக்குப் பாதுகாப்பும், லோக்கு குடும்பத்துக்குப் பதிலும் ஒரே சட்டத்துல வைக்க முடியும்ங்க.

கேள்வி: என் அப்பா பைக்ல போறப்ப லாரி மோதி இறந்துட்டாரு. எஃப்ஐஆர் போட்டாங்க. பல மாசம் கழிச்சு ஸ்டேஷன்ல இருந்து அரைப் பக்கத்துக்கு ஒரு பேப்பர் கொடுத்தாங்க. குற்ற எண், பிரிவு எல்லாம் போட்டு 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது'ன்னு இருக்கு. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டுட்டோம். அவ்வளவுதானா மேடம், முடிஞ்சுதா?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: முடியல தம்பி. நீங்க போட்ட கையெழுத்து நோட்டீஸ் வாங்கிக்கிட்டதுக்கு, சம்மதத்துக்கு இல்ல.

உங்க கையில இருக்கிறது ஆர்சிஎஸ் நோட்டீஸ்னு கோர்ட் வட்டாரத்துல சொல்லுவோம், அதாவது கேஸை மூடுறோம்னு போலீஸ் கொடுக்கிற அறிவிப்பு. நம்ம ஊர்ல வழக்கு போடுறதா வேணாமான்னு முதல்ல முடிவு எழுதுறது ப்ராசிக்யூட்டர் இல்ல, விசாரணை அதிகாரிதான். ஆனா அவர் எழுதினா அது முடிவாகிடாது, மாஜிஸ்ட்ரேட் ஏத்துக்கணும். அப்படி ஏத்துக்கிறதுக்கு முன்னாடி புகார் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் பேச்சைக் கேக்கணும்னு 1985லயே பகவந்த் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. அந்த அரைப் பக்கம் உங்க கைக்கு வந்ததே அதனாலதான்.

முதல் வேலை, சம்பந்தப்பட்ட மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல காப்பி அப்ளிகேஷன் போட்டு இறுதி அறிக்கை முழுசையும், சாட்சி வாக்குமூலம், ஸ்கெட்ச், மகஜர், வண்டி சோதனை ரிப்போர்ட் எல்லாம் வாங்குங்க. அரைப் பக்கத்துல இல்லாத காரணம் அதுலதான் இருக்கும். அப்பா மேலயே தப்புன்னு எழுதியிருக்காங்களா, எந்த சாட்சி அப்படிச் சொன்னாரு, அந்த சாட்சி அந்த இடத்துல இருந்தாரான்னு உக்காந்து பாருங்க. பக்கத்துக் கடை கேமரா, டோல்கேட் பதிவு எதையாவது கேக்காம விட்டிருந்தா அதையும் குறிச்சுக்கோங்க. அப்புறம் ப்ரொடெஸ்ட் பெட்டிஷன், அதாவது போலீஸ் முடிவை எதிர்த்து மாஜிஸ்ட்ரேட் கிட்ட ஒரு மனு போடுங்க. மாஜிஸ்ட்ரேட் மூணுல ஒண்ணு பண்ணலாம், போலீஸ் முடிவை ஏத்துக்கலாம், மேல விசாரிங்கன்னு திருப்பி அனுப்பலாம், இல்ல இருக்கிற காகிதமே போதும்னு நேரா வழக்கை எடுத்துக்கலாம். 'ஏமாத்திட்டாங்க'ன்னு பொதுவா எழுதாம இந்தப் பக்கத்துல இந்த வரி தப்பு, காரணம் இதுன்னு எழுதுங்க, நான் பாத்த வரைக்கும் அப்படி எழுதின மனுதான் நிக்குது. மோட்டார் வாகன நஷ்டஈட்டு வழக்கு தனி, போலீஸ் மூடினதாலயே அது போயிடாது.

உங்க கடிதத்தால ஒண்ணு சொல்லியே ஆகணும். எஃப்ஐஆரை 24 மணி நேரத்துல வெப்சைட்ல ஏத்தணும்னு 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி, சில வகை வழக்கு தவிர மத்தது நீங்க போன்லயே எடுத்துப் பாக்கலாம். சார்ஜ் ஷீட்டையும் அப்படி ஏத்தணும்னு கேட்ட மனுவை 2023 ஜனவரில அதே கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. புகார் வந்தது ஊருக்கே தெரியும், அது என்ன ஆச்சுன்னு தெரியாது. சேலத்துச் சகோதரியோட தம்பிக்கும் இதுல நஷ்டம்தான், குற்றச்சாட்டு நெட்ல கிடக்கும், அவரை விட்டது எங்கயும் இருக்காது. 2024 ஜூலைல இருந்து நடைமுறைல இருக்கிற புதுச் சட்டத்துல, 90 நாளைக்குள்ள விசாரணை எந்த நிலைல இருக்குன்னு பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லணும்னு 193வது பிரிவுல இருக்கு. நல்லது. ஆனா மூடுறப்ப காரணத்தை விவரமா எழுதி அவங்க கையில கொடுக்கணும்னு அதே மாதிரி ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கணும்னுதான் நான் பேசுற மேடையிலெல்லாம் கேக்குறேன்.

கேள்வி: ப்ரொடெஸ்ட் பெட்டிஷன் போட வக்கீல் வச்சே ஆகணுமா? காசு இல்லாதவங்க என்ன பண்றது?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: வக்கீல் கட்டாயம் இல்ல, நீங்களே எழுதி நேர்ல கொடுக்கலாம், ஆனா ஒருத்தர் கூட நின்னா நல்லது. நீங்க பெண்ணுங்கிறதால வருமானம் எவ்வளவுன்னு பாக்காமயே இலவச சட்ட உதவி உண்டு, எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் அப்படித்தான். தாலுகா கோர்ட் வளாகத்துல சட்டப்பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், நோட்டீஸ், எஃப்ஐஆர் நகல், ஆதார் எடுத்துட்டுப் போங்க. போக முடியலைன்னா 15100க்கு போன் பண்ணுங்க. நோட்டீஸ்ல எந்தத் தேதிக்குக் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காங்கன்னு முதல்ல பாருங்க, அந்தத் தேதிய மட்டும் விட்டுடாதீங்க.